நாடாவின் இடைவெளி

அது வெள்ளை நாடாவா நீல நாடாவா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. அக்கா தவமணியின் பாவாடை நாடா. கருப்பையில் இருந்த கட்டியை எடுத்தபிறகு மாலையானால் அவள் வயிறு உப்பி வலித்தது. ஏனென்று யாருக்கும் தெரியவில்லை. வெறும் வயிற்றில் ஸ்கேன் எடுக்க வேண்டுமென்று எப்போதும் காலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அப்போது வயிறு தட்டையாக இருக்கும். “எல்லாம் நார்மல்” என்று அனுப்பிவிடுவார்கள். அக்கா தன் வலியைத் தானே நம்பாமல் போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் காலையில் நாடாவை முடிந்துகொண்டு, “விரலை விட்டுப் பாருடி” என்றாள். இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. வழக்கமாக மதியமே தளர்த்திவிடுகிற முடிச்சை அன்று அவள் தொடவில்லை. மாலையில் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் குனிந்தபடியே வந்தாள்.

“அவுத்துடேன்க்கா.”

“சும்மா இரு. சாட்சியைக் கலைக்காத.”

புதிதாக வந்திருந்த டாக்டர் மெஹருன்னிசா பழைய ஸ்கேன் படங்களை உறையிலிருந்து எடுப்பதற்குள், அக்கா அவர் கையைப் பிடித்து இடுப்பில் வைத்தாள். அவர் நாடாவுக்குள் விரலை நுழைக்கப் பார்த்தார். நகம்கூடப் போகவில்லை. முடிச்சை அவரே மெல்ல அவிழ்த்துவிட்டு, நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“முதல்லேருந்து சொல்லுங்கம்மா.”

வலிக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது. டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அக்கா மறுபடி வேலைக்குப் போகிறாள். எங்கள் இருவர் பாவாடையிலும் இப்போது எலாஸ்டிக்தான்.