குனியவைக்கும் கோப்பை

அகிதாவில் வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே, மிட்சுயோவின் சாக்கே கடையில், அங்கே விற்கும் அந்த அரிசி மதுவை வடிக்கும் குமகாய் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். மேயர் வந்தபோதுகூட வளையாத முதுகு. தன் சரக்கைக் குளிரவைத்துத்தான் ஊற்றவேண்டும் என்பது அவர் சட்டம். மீறிய கடைக்கு மறுநாள் முதல் சரக்கு கிடையாது. மிட்சுயோவோ அவர் கண்ணெதிரிலேயே புட்டியை வெந்நீரில் இறக்கியிருக்கிறாள். “என்னம்மா, குளிப்பாட்டுறியா?” “குளிர்ல நடுங்குச்சு மொதலாளி. முள்ளங்கியைக் கடிச்சிட்டுக் குடிங்க, அப்புறம் திட்டுங்க.” புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாய் விளக்கொளியில் மினுங்குகிறது. அவள் ஊற்றுகிறாள். கோப்பை நிறைந்து, வழிந்து, கீழ்த்தட்டு குளமாகும்வரை கை நிற்கவில்லை. இங்கே உபசரிப்பு அப்படித்தான். அவ்வளவு நிறைந்த கோப்பையைத் தூக்க முடியாது, வாயைத்தான் அதனிடம் கொண்டுபோக வேண்டும். முள்ளங்கியைக் கடித்துவிட்டு, வேறு வழியின்றிக் குமகாய் குனிகிறார். உறிஞ்சும் சத்தம் கோபத்துக்குப் பொருந்தாத அளவு நீள்கிறது. மிட்சுயோ கைகளைக் கட்டி, முகவாயைத் தூக்கி நிற்கிறாள். கோப்பையில் இப்போது பாதிதான் இருக்கிறது. தாராளமாகக் கையில் எடுக்கலாம். குமகாய் மறுபடியும் குனிகிறார்.