ஆறாவது அப்பம்

என் மனைவி நாளுக்கு ஒரு சொல்தான் பேசுவாள்.

"தப்பு."

அதுவும் நான் வேதம் வாசிக்கும்போது மட்டும்.

பக்கவாதம் வந்து பதினோரு மாதம் ஆகிறது. வலது கை போனது, பேச்சு போனது, என் பெயரும் கூடவே போனது. வீட்டையே வாரிச் சுருட்டிக்கொண்டு போன நோய், இந்த ஒரு சொல்லை மட்டும் எப்படியோ மறந்து விட்டுவிட்டது.

அது ஏன் தங்கியது என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தவள். வீட்டில் நானும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். பாதி கேலி, பாதி பயம்.

குடும்ப ஜெபத்தில் வாசிப்பது என் வேலை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். ஒரு எழுத்து பிசகினாலும் "தப்பு" என்பாள். உடனே அந்த வசனத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும். எரிந்த மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிப் பிழைக்கிறவன் வாயில் வேதத் தமிழ் அவ்வளவு லேசில் நுழைந்துவிடுமா?

இப்போது பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். வாரம் ஒரு முறை போனில் "அம்மா எப்படி இருக்காங்க?" என்பார்கள். அப்படியேதான் இருக்கிறாள் என்பேன். அதோடு வீடு மறுபடி வாயை மூடிக்கொள்ளும்.

அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த மறுநாள் காலை, முகம் துடைத்து, ஸ்பூனால் டீ கொடுத்துவிட்டு, பழைய வழக்கத்தில் வேதத்தை எடுத்தேன். ஐயாயிரம் பேர் பசியாறிய பகுதி. ஐந்து அப்பம் என்பதைத் தூக்கக் கலக்கத்தில் ஆறு அப்பம் என்று வாசித்துவிட்டேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "தப்பு."

நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதேன்.

அன்றிலிருந்து தினமும் வேண்டுமென்றே தப்பாக வாசிக்கிறேன்.

சும்மா சொல்லக் கூடாது, அது சிரமமான வேலை. எங்கே பிசகுவது என்று முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்வேன். சீடர்களில் ஒருவரைக் குறைப்பேன். நோவாவின் பேழைக்கு இன்னொரு தட்டு கட்டுவேன். கர்த்தருடைய புத்தகத்தில் இவ்வளவு கைவைத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சில நாள் சட்டென்று "தப்பு" விழும். சில நாள் பத்து வசனம் தள்ளித்தான் விழும். யோசிக்க நேரம் வேண்டாமா, பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த ஒரு சொல் காதில் விழுந்துவிட்டால் போதும். எழுந்து போய், வீட்டு முன்னறையில் இருக்கும் என் மோட்டார் கடையைத் திறக்கத் தெம்பு வந்துவிடும்.

இன்று காலை, கடலில் புயல் அடிக்கும் பகுதி. படகு தத்தளிக்கிறது. இயேசு தூங்குகிறார். சீடர்கள் அலறுகிறார்கள்.

புயலைச் சாரல் என்று வாசித்தேன். பதில் இல்லை.

படகை மாட்டுவண்டியாக்கினேன். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் சொல்லும் போய்விட்டால், இந்த வீட்டில் என்னோடு பேச ஒரு ஜீவன் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, படகின் மோட்டார் புகைந்துவிட்டது, இயேசு உட்கார்ந்து காயிலைப் பிரித்துக்கொண்டிருந்தார் என்று உரக்க வாசித்தேன்.

"அண்ணே, இதெல்லாமா வேதத்துல இருக்கு?"

மாவுமில்காரர். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து கடை வாசலில் நின்று சிரித்தார்.

நான் அவளைப் பார்த்தேன். உதடு அசையவில்லை.

முடிந்தது என்று நினைத்தேன். கேட்க ஆளில்லாத இடத்தில் யாரை ஏமாற்றுவது? ஆனாலும் புத்தகத்தை மூட மனம் வரவில்லை. மூடினால் அப்புறம் அந்த அறையில் ஒரு சத்தமும் இருக்காது. உள்ளதை உள்ளபடி வாசிக்க ஆரம்பித்தேன்.

காயிலுக்குப் பூசும் வார்னிஷ் படிந்த விரலை வரியின் மேல் வைத்து, எழுத்து எழுத்தாகப் போனேன். பின்னணியம் என்று ஒரு சொல் வரும். படகின் பின்பக்கம். முப்பது வருடமாக என் நாக்கு இடறும் இடம். இன்று இடறவில்லை. அவர் எழுந்தார், காற்றை அதட்டினார், கடல் அடங்கியது. எங்கே பிசகலாம் என்றே பார்த்துப் பழகிய என் கண்ணில், கடல் அடங்கியது இத்தனை நாளும் படவே இல்லை. அந்த இடத்தில் என் மூச்சும் அடங்கி ஒரு நிலைக்கு வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக, ஒரு எழுத்துகூடப் பிசகாமல் வாசித்து முடித்தேன்.

"தப்பு," என்றாள்.

வாசித்ததை மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பதினோரு மாதமாக நான் மெனக்கெட்டுச் செய்த பிழைகளில் ஒன்றுகூட அவள் காதில் ஏறியிருக்காது என்று அப்போதுதான் உறைத்தது. என் வாசிப்புச் சத்தம் கேட்டால் அந்தச் சொல் தானாக வந்து விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். இத்தனை நாளும் இந்த அறையில் நான் தனியாகத்தான் வாசித்திருக்கிறேன்.

மாவுமில்காரர் மோட்டாரைக் கீழே இறக்கி வைத்தார்.

"ஆமா டீச்சர், தப்புதான்," என்றேன்.

சொல்லிவிட்டு, முதல் வசனத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை எனக்காக வாசித்தேன்.