தலையைத் தூக்கிய மூன்று

செடிகொடி தின்ற மூன்று டைனோசர்களின் மூளைக்கூட்டையும் உள்காதையும் ஒப்பிடுவது என் வேலை. ஸ்கேன் எடுப்பவள் என் மனைவி. “வீட்ல கூப்பிட்டா காதுல விழாது, இங்க கல்லாப் போன காத ஆராய்ச்சி பண்றாரு” என்று எல்லோரிடமும் சொல்வாள்.

உள்காதில் ஒரு வளையம் உண்டு. அது தரைக்கு இணையாக வரும்படி திரையில் மண்டையோட்டைத் திருப்பினால், அந்த விலங்கு தலையை எப்படி வைத்திருந்தது என்று தெரிந்துவிடும். நேற்று மூன்றும் மேய்வதுபோலத் தரையைப் பார்த்தன.

படம் இன்னும் தெளிவாக வேண்டுமென்று இன்று மறுபடி எடுத்தோம். மூன்றும் தலையைத் தூக்கியிருந்தன.

“நீங்க கோணலா வெச்சிருப்பீங்க.”

“எப்படி வெச்சாலும் இந்தக் கணக்கு மாறாதே. வளையம் கல்லுக்குள்ளதானே இருக்கு!”

இன்னொரு முறை எடுத்தாள். அதேதான்.

“மேயற மாடு எப்பங்க தலையத் தூக்கும்?”

“ஏதாவது சத்தம் கேட்டா.”

தொலைபேசி அடித்தது. கீழே இருக்கும் காவலாளி.

“சார், நேத்து சாயங்காலம் வந்த பெட்டிய லிஃப்ட்ல ஏத்திட்டேன். பெட்டி மேல ‘மண்டையோடு, பல் பத்திரம்’னு எழுதியிருக்கு.”

என் மனைவி எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள். பிறகு குரலே எழும்பாமல் என்னைக் கூப்பிட்டாள். ஒரே தடவையில் காதில் விழுந்தது.