சிவப்பு சாக்பீஸ்

"இன்னிக்கும் எழுதிட்டான்பா மக்கு மகாராஜா!"

ஜெயவேல் போட்ட சத்தத்தில், மாடி வராந்தாவில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்கள்.

ஆரணியில் ஒரு பட்டுக்கடை மாடியில் ஆதிராஜ் சார் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்த எண்பத்தேழாம் வருஷம். இருந்தது இரண்டே மெஷின். புரோகிராம் எழுதப் பழக வந்ததோ பெரிய கும்பல். இரண்டு பேர் உள்ளே ஏ.சி.யில் உட்கார்ந்தால் மற்றவர்கள் வராந்தாவில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

சும்மா ஊர்க்கதை பேசுவானேன் என்று சார் ஒரு கரும்பலகையை மாட்டிவிட்டார். சந்தேகத்தைப் பேர் போடாமல் எழுதலாம். தெரிந்தவர்கள் கீழே பதில் எழுதலாம். கிண்டலுக்குத் தடையில்லை.

அதில்தான் ஒரு மாதமாக யாரோ சிவப்பு சாக்பீஸில், அச்சடித்த மாதிரி எழுத்தில், கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முந்தாநாள் கேள்வி: 'மெஷினைப் போட்டதும் 1980-ஆம் வருஷம் என்கிறதே, ஏன்?'

அதற்குத் தங்கவேலுவின் பதில்: 'அதுக்குள்ள கடிகாரம் இல்ல ராஜா. நீதான் தேதி சொல்லணும். சொல்லலைன்னா எண்பதுலயே உக்காந்துகினு இருக்கும்.'

இன்றைய கேள்வி: 'சேலை பார்டருக்குப் பத்து வரிசைப் பூ கேட்டேன். பிரிண்டரில் பதினொன்று வருகிறது. கம்ப்யூட்டருக்கு எண்ணத் தெரியாதா?'

"அதுக்குத் தெரியும். கேக்கற கழுதைக்குத்தான் தெரியல" என்றான் ஜெயவேல்.

"ஒரு வரிசை கொசுறு போலருக்கு!" என்றான் தங்கவேலு.

தேவகி சிரித்துக்கொண்டே கீழே எழுதினாள்: 'பூஜ்யத்தில் ஆரம்பித்துப் பத்தில் முடித்திருப்பாய். பூஜ்யமும் ஒரு வரிசைதானப்பா. ஒன்றில் ஆரம்பி.'

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் ஜெயவேல்தான். சிரித்துக்கொண்டே பதிலை இரண்டு தரம் படித்தான். அவன் முறை வந்ததும் உள்ளே ஓடினான்.

ஜெயவேல் கெட்டவனில்லை. வாய்தான் நீளம். அவன் தப்பை மட்டும் யாரும் சொல்லிவிடக்கூடாது. ஒரு தடவை தேவகி, "இந்த இடத்துல கோட்டை விட்டுட்டீங்க" என்று சொல்லப்போய், மனுஷன் பதினைந்து நாள் அவளோடு பேசவில்லை.

அன்று உள்ளேயிருந்து வரும்போது முகம் கடுகடுவென்றிருந்தது.

"பேஜார் புடிச்ச மெஷினு. சொன்னதையே சொல்லிகினு இருக்குது" என்று முனகிக்கொண்டே செருப்பை மாட்டினான். அடுத்த முறைக்கு ஜ்வாலாமாலினி உள்ளே போனாள்.

அப்போது ஆதிராஜ் சார் வெளியே வந்தார்.

"செய்யார்ல ஒரு கம்பெனில கம்ப்யூட்டர் வாங்கியிருக்காங்கப்பா. புரோகிராம் எழுத ஒரே ஒரு ஆள் கேக்கறாங்க. ஒண்ணு ஜெயவேலு, இல்லன்னா மாலினி. நாளைக்குச் சொல்றேன்."

ஜெயவேலின் தோளைத் தட்டினார். "முன்னெல்லாம் எத்தனை தப்பு விடுவே! ஒரு மாசமா உன் புரோகிராம் சுத்தமா இருக்குதே, எப்படிப்பா?"

"மூளை சார்!" என்றான் ஜெயவேல்.

சிரித்தானே தவிர, வீட்டுக் கவலை விடவில்லை. களம்பூர் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கும் அப்பாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இந்த வேலை கிடைக்காவிட்டால் அந்த மூட்டை இவன் முதுகுக்கு வந்துவிடும். மாலினியோ கெட்டிக்காரி. அவளை எப்படி மிஞ்சுவது?

மறுநாள் காலை, அந்த மக்கு மகாராஜாவைக் கையும் களவுமாகப் பிடித்து சாரிடம் நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று, எல்லாருக்கும் முன்னால் வந்து கதவு மறைவில் நின்றான்.

யாரோ படியேறி வந்தார்கள். சிவப்பு சாக்பீஸ் பலகையில் ஓடியது.

'எண்ணைக் கேட்கும் இடத்தில் எழுத்தை அடித்தால், மறுபடி அடி, மறுபடி அடி என்கிறதே, ஏன்?'

"மாட்டிகினியா!" என்று பாய்ந்தான்.

சாக்பீஸோடு நின்றவள் ஜ்வாலாமாலினி.

"மாலினி! நீயா?" ஜெயவேலுக்குத் தன் அதிர்ஷ்டத்தை நம்பவே முடியவில்லை. "சார் வரட்டும். இதுகூடத் தெரியாத ஆளையா செய்யாருக்கு அனுப்பப் போறீங்கன்னு கேக்கறேன்."

"எனக்குத் தெரியுங்க. எண்ணுக்குன்னு ஒதுக்கின இடத்துல எழுத்து நுழையாது. அதான் அது திரும்பத் திரும்பக் கேக்குது."

"தெரிஞ்சுகினே இன்னாத்துக்கு எழுதற?"

"வேற ஒருத்தருக்காக. நேரா சொன்னா அவங்களுக்குக் கோவம் வரும். போர்டுல இருந்தா அவங்களே படிச்சுத் திருத்திக்குவாங்க."

ஜெயவேலுக்கு ஆவல் பற்றிக்கொண்டது. "அப்போ மக்கு மகாராஜா வேற ஆளு! யாரது? தங்கவேலுவா? தேவகியா?"

"வேணாங்க, விட்டுடுங்க."

"விட மாட்டேன். சொல்லலைன்னா நீதான்னு சார்கிட்ட போட்டுக் குடுத்துடுவேன். இதோ வந்துட்டாரு. ஜல்தியா சொல்லு!"

சார் செருப்புச் சத்தம் படியில் கேட்டது. ஜ்வாலாமாலினி சாக்பீஸைப் பலகை விளிம்பில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"இனிமே எழுந்து போறப்ப ஸ்கிரீனை அழிச்சிட்டுப் போங்க. உங்களுக்கு அடுத்து அந்த மெஷின்ல உக்கார்றது நான்தான்."