தவறான பதிவு

மெட்ரோ ரயில் ஓட்டும் போதும்பொண்ணுக்கு இந்த வருடம் உரிமத்தைப் புதுப்பித்துத் தரவில்லை. உரிம அலுவலகத்தில் புதிதாக வைத்திருக்கும், பெயரை வைத்தே ஆளைக் கணித்துவிடும் இயந்திரம், இந்தப் பெயர்க்காரர்கள் எந்த வேலையிலும் இரண்டு வருடம் தாண்டுவதில்லை என்று சொல்லிவிட்டது. நான்காவதும் பெண்ணாகப் பிறந்த எரிச்சலில் அவள் அப்பா வைத்த பெயர் அது.

அலுவலகத்துக்கு அவள் அலைவது இது ஐந்தாவது முறை.

"பேர மாத்திக்குங்களேன் மேடம்," என்றான் கவுன்டரில் இருந்தவன்.

"மாத்தினா?"

"புதுப் பேருக்கு அனுபவம் இருக்காது. பயிற்சியில இருந்து மறுபடி ஆரம்பிக்கணும்."

"பதினெட்டு வருஷமா ஓட்டுறேன் தம்பி. போன மாசம் வரைக்கும் நீங்க வேலைக்கு வந்ததே என் வண்டியிலதான். அதையெல்லாம் உங்க மெஷின் பாக்காதா?"

அவன் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான்.

"பாத்திருக்கு மேடம். இந்தப் பேருல ஒரே ஒருத்தங்க மட்டும் பதினெட்டு வருஷம் ஓட்டியிருக்காங்க. அப்படி நடக்க வாய்ப்பே இல்லைன்னு, தப்பான பதிவுன்னு சொல்லி நீக்கிடுச்சு."

போதும்பொண்ணு விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"எங்கப்பாகூட என்னை வேண்டாம்னுதான் சொன்னாரு தம்பி. பொறக்கவே இல்லைன்னு சொல்லல."