இடப்பக்கத்துப் பேரரத்தை

பேரரத்தைப் புதரின் வேரை வெட்டிக்கொண்டு இறங்கிய மண்வெட்டி, எதிலோ பட்டு 'ணங்'கென்றது.

சர்வோனோ நிமிர்ந்து வியர்வையைத் துடைத்தான்.

குளித்து, சலவைச் சாரம் கட்டி, நஞ்சுக்கொடி வைத்த மண்பானையைத் துணித்தூளியில் மார்போடு கட்டியிருந்தான். ஜாவாவில் அதைத் தகப்பன்தான் சுமக்க வேண்டும். பிள்ளையோடு கூடப் பிறந்த பிள்ளை அது. ஆணென்றால் வாசலுக்கு வலப்பக்கம், பெண்ணென்றால் இடப்பக்கம் புதைப்பார்கள். தோண்டும்போதுகூட அதைக் கீழே வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

பிறந்திருப்பது பெண். விடியற்காலையில் பிறந்தவள் இன்னும் ஒரு சத்தம் போடவில்லை. மூச்சு இருக்கிறது, கண் திறந்திருக்கிறது, அழுகை மட்டும் இல்லை.

"கூடப்பொறந்ததச் சீக்கிரம் மண்ணுல வச்சிடு தம்பி, தானா அழுவா" என்ற மருத்துவச்சியின் முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. சர்வோனோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தோண்டினான்.

இடப்பக்கம் முழுக்க வீட்டுக்கார அக்கா சுதார்மி போட்ட பேரரத்தை. அடுத்த வீட்டில் தனியாக இருக்கிறாள். பிள்ளையில்லாதவள் என்று தெருவே சொல்லும்.

இவர்கள் குடிவந்த நாளிலிருந்து வாரம் இரண்டு தடவை வந்து கிழங்கு எடுப்பாள். கறிக்குழம்பில் நசுக்கிப்போட்டு, அவன் மனைவி ருமியாத்திக்கென்று கிண்ணம் நிறையக் கொண்டுவருவாள். கறித்துண்டு என்று நம்பி அவன் அரத்தையை நறுக்கென்று கடித்துவிட்டு முழிக்கும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"ஒனக்கு யாரு வச்சது? அது வயித்துல இருக்கறவளுக்கு."

சர்வோனோ கையால் மண்ணை விலக்கினான்.

கல் இல்லை. ஒரு மண்பானை.

வாயில் கட்டிய துணி மக்கிப்போயிருந்தது. மூடியைச் சுற்றி அரத்தை வேர் இறுகப் பின்னியிருந்தது. அவன் மார்பில் தொங்குவதும் அதே அளவுப் பானைதான்.



பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

சுதார்மி நின்றிருந்தாள். கல்யாணத்துக்குப் போகிறவளைப் போல நல்ல பாத்திக் துணி உடுத்தி, கொண்டையில் பூ வைத்திருந்தாள். குழிக்குள் பார்த்தவள் திடுக்கிடவில்லை. குந்தி உட்கார்ந்து, மண்ணைத் தள்ளிப் பானையை மூடினாள். உள்ளங்கையால் மெல்லத் தட்டிக் கொடுத்தாள்.

"அவளோடது பன்னெண்டு வருஷமா இங்கதான் இருக்கு தம்பி. அன்னிக்கு எனக்குப் பொறந்து அழாமலே போயிட்டா. இப்பத்தான் திரும்பி வந்திருக்காளே, இன்னொண்ணு எதுக்கு?"

கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் போனாள்.

அவள் படி தாண்டியதுதான் தாமதம், உள்ளே குழந்தை வீறிட்டது. தெருமுனைவரை கேட்கும்படி, மூச்சு வாங்கி வாங்கி அழுதது. ருமியாத்தி சந்தோஷம் தாளாமல் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

காலையிலிருந்து அந்த ஒரு குரலுக்காகத்தான் அவன் வேண்டாத தெய்வமில்லை. இப்போது அதைக் கேட்டும் அவன் உள்ளே ஓடவில்லை.

மார்போடு கட்டிய பானையை இரண்டு கைகளாலும் சேர்த்து அணைத்துக்கொண்டான்.

தன் பிள்ளை என்று சொல்ல அவனிடம் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.