பூனை காத்த அடுப்பு

“எழுந்து போடி, நெருப்பு வைக்க வருகிறார்கள்,” என்றது மண்ணடுப்பு.

சாம்பலில் சுருண்டிருந்த பூனை தலையை மட்டும் நிமிர்த்தியது. “மார்கழி முழுக்க உன்னைக் கதகதப்பாக வைத்திருந்தது யார்? நானில்லாவிட்டால் குளிரில் ஈரமேறி விரிசல் விட்டிருப்பாய்.”

“பெரிய மகாராணி! இன்று பால் பொங்காவிட்டால் என்னை இடித்துவிடப் போகிறார்களாம். அப்புறம் எங்கே படுப்பாய்?”

“பொங்கும். நான் காத்த அடுப்பு,” என்று பூனை சோம்பல் முறித்து வெளியே வந்தது.

முதல் குச்சியிலேயே தீ பற்றியது. பால் நுரைத்து வழிந்தது. பொங்கல் விடுமுறைக்குப் பண்ணை வீட்டுக்கு வந்திருந்த பிள்ளைகள் கூவினார்கள். வீட்டுக்காரி பூரணி விறகைப் புகழ்ந்தாள்.

விறகாம்! பூனை வாலை உயர்த்தி அவர்கள் நடுவே நடந்தது.

சாயங்காலம் பூரணி ஆறிய சாம்பலைக் கையால் பரப்பி, நடுவில் பூனை சுருளும் அளவுக்குச் சிறு குழி செய்துவிட்டுப் போனாள்.